நாற்பத்தொரு ‘அது’

ஜனவரி 8 – 60
ஜனவரி 9 – 60
ஜனவரி 28 – 120
பிப்ரவரி 6 – 60
பிப்ரவரி 7 – 250
பிப்ரவரி 22 – 60
மார்ச் 4 – 120
மார்ச் 5 – 120
மார்ச் 19 – 250
ஏப்ரல் 2 – 480

இவை ஒரு மனிதரின் சம்பளத்தில் மூன்று மாதத்துக்குள் பிடிக்கப்பட்ட தொகைகள். கூட்டினால் 1580. அரை மணி தாமதத்துக்கு 60, ஒரு மணிக்கு 120. ஆளே வராவிட்டால் ஒரு நாள் கூலி, 480. இரண்டு இடத்தில் வரும் 250 வேறு வகை. அது நகப்பூச்சுக்கு விதித்த அபராதம்.

அந்த மனிதர் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் பல்செட் கட்டுகிறவர். வயது முப்பத்தொன்பது. பதினாறு வருட வேலை. இரண்டாவது மாடியில் நீளமான ஒரே கூடம், பதினான்கு பேர், பதினான்கு விளக்குகள். சுவர் முழுக்கப் பலகைகள். அவற்றில், முகம் தெரியாத மனிதர்களின் ஈறுகள் பிளாஸ்டர் அச்சுகளாக, எண் ஒட்டப்பட்டு, வாயைப் பிளந்தபடி இருக்கும். எங்கும் வெள்ளைத் தூள், உருகிய மெழுகின் வாசனை.

அவர் கண்ணுக்கு மை போடுவார். தோள்வரை முடி, காதில் சின்னக் கல், பூப்போட்ட சட்டை. பேசும்போது கையும் சேர்ந்து பேசும். பிளாஸ்டர் தூள் நகத்தை உடைக்கிறது என்று முதலில் நிறமில்லாத பூச்சு போட்டார். பிறகு, போடுவதுதான் போடுகிறோம் என்று நிறத்தில் போட்டார். வேலையில் கையுறை போட்டுக்கொள்கிறார் என்பதை அபராதம் விதித்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

நான் கேட்காமலே ஒரு நாள் சொன்னார்: “நான் ஆம்பளதான் சார். மை போட்ட ஆம்பள. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?”

மை போட்டதால் பட்டறையில் அவருக்கு ‘மைனா’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பேரு நல்லாத்தான் இருக்கு. கூப்பிடுற வாய்தான் சரியில்ல” என்பார். நானும் மைனா என்றே எழுதுகிறேன், அவர் சம்மதத்தோடு.

மைனா தன் அக்கா வீட்டில் இருக்கிறார். மூன்று அறை, பின்பக்க அறை அவருடையது. அக்கா தையல்காரி. அக்காவின் கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளும் மைத்துனருக்கு யோசனை சொல்வதிலேயே கழிப்பார்.

மைனாவுக்கு மனச்சோர்வு நோய் இருப்பது இரண்டு வருடங்களுக்கு முன் தெரிந்தது. தெரிவதற்கு முன்பே அது வந்துவிட்டது. காலை ஆறரைக்கு விழிப்பு வரும். விழித்த பிறகு காலைத் தரையில் வைக்க முக்கால் மணி நேரம். ஒரு காலுறையைப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அக்கா கதவைத் தட்டுவாள்.

“என்னடா பண்ற?”

“சாக்ஸ் போடுறேன்.”

“அரை மணிக்கு முன்னாடியும் அதைத்தானேடா சொன்ன?”

“அது இடது கால் அக்கா.”

இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்துப் பட்டையைத் தன் தையல் பெட்டியில் பூட்டி வைத்து ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை மட்டும் எடுத்துக் கொடுப்பது அவள் வழக்கம். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மருத்துவர் காலையில் நடக்கச் சொன்னார். அக்கா கணவர் ஓடச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் குளிர்ந்த நீரில் குளிக்கச் சொன்னார். “எந்திரிக்கவே முடியலங்கிறவன் கிட்ட ஆளாளுக்கு ஓடு, குதி, நீந்துன்னா எப்படி சார்?” என்றார் மைனா. எல்லோருக்கும் பொதுவான இன்னொரு யோசனை, மையை விட்டுவிட வேண்டும் என்பது. அக்காவும் ஒரு முறை கெஞ்சினாள். “ஒரு மாசத்துக்கு அந்தக் கண்றாவியை விட்டுத் தொலையேன்டா. வாய் அடங்குதான்னு பாப்போம்.” அவர் விட்டார். முடியை ஒட்ட வெட்டினார், வெள்ளைச் சட்டை போட்டார். மூன்று வாரம். பட்டறையில் வாய் அடங்கவில்லை; “என்னடி மைனா, விதவை ஆயிட்டியா?” என்று புதிதாக ஒன்று கிடைத்தது அவர்களுக்கு. அந்த மூன்று வாரத்தில்தான் படுக்கையும் அவரை அதிகமாகப் பிடித்துக்கொண்டது. நான்காவது வாரம் அக்காவே மைக்குப்பி வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தாள்.

அவர் தனக்கென்று சில வழிகள் வைத்திருந்தார். பட்டறை வாசலில் இருக்கும் தேநீர்க்கடைக்காரர் “வாங்க மேடம் சார்” என்று கூப்பிடுவார் என்பதால் பின்தெரு வழியாகச் சுற்றி வருவார். கூடுதலாக ஒன்பது நிமிடம். காதில் பாட்டுக் கருவி மாட்டியிருப்பார், பாட்டு ஓடாது. நகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு விரல் மட்டும் பூசுவார். “முழுசும் ஒரே நாள்ல போட்டா அடுத்த நாளைக்கு என்ன இருக்கு? இப்படின்னா பத்து நாளைக்கு எந்திரிக்க ஒரு சாக்கு.”

பட்டறையில் நடந்தவற்றை எல்லாம் எழுதினால் தாள் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மார்ச் 18 மாலை, மைனாவின் மேசையில் இருந்த ஒரு பிளாஸ்டர் அச்சில் யாரோ சிவப்பு உதட்டுச்சாயம் பூசி வைத்தார்கள். அது ஒரு நோயாளியின் வாயிலிருந்து எடுத்த அச்சு. கெட்டுப்போனால் அந்த நோயாளியைத் திரும்பக் கூப்பிட வேண்டும். மைனா ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பல் துலக்கும் தூரிகையால் அதைச் சுத்தம் செய்தார். வேலை பிந்திவிட்டது என்று மேற்பார்வையாளர் ஏசினார். மறுநாள் நகப்பூச்சுக்கு இரண்டாவது அபராதம். ஏப்ரல் 2 அன்று அவர் எழவே இல்லை.

மருத்துவர் கொடுத்த சான்றிதழை அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேற்பார்வையாளர் படித்தார். “மனச்சோர்வா? சோர்வு எங்களுக்கும்தான் இருக்கு. டீ குடிக்கச் சொல்லும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஏப்ரல் 8 அன்று மைனா நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். ஒரே பக்கம். முதல் வாக்கியம் இது: “பட்டறையில் என்னை அஃறிணையில் பேசுகிறார்கள்.”

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மனிதர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. மேற்பார்வையாளரும், மெழுகு வேலை செய்பவரும் (அவரை எல்லோரும் ‘மெழுகு’ என்றே கூப்பிடுவார்கள்) மைனாவை ‘அவன்’ என்றோ ‘அவர்’ என்றோ சொல்வதில்லை. ‘அது வந்துச்சா’, ‘அது இன்னும் சாப்பிட்டு முடிக்கலயா’, ‘அதுகிட்ட கொடு’. மற்ற கேலியை எல்லாம் பொறுத்துக்கொண்டவர் இதைப் பொறுக்கவில்லை. இந்தப் பேச்சால் நோய் முற்றுகிறது, நோயால் தாமதம் ஆகிறது. ஆகவே தாமதத்தை ஒழுங்கீனமாகப் பார்க்கக் கூடாது என்பது புகாரின் சாரம். இன்னொரு தாமதம் ஆனால் வேலைநீக்கம் என்ற எச்சரிக்கை ஏற்கெனவே கையில் இருந்தது. புகார் நிலைத்தால் வேலை நிலைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். நீதிமன்றத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். விசாரணைகளில் பதிவு எழுதக் கூப்பிடுவார்கள், போவேன். ஏப்ரல் 24, 25 இரண்டு நாளும் பட்டறையின் கணக்கு அறையில் விசாரணை. விசாரித்தவர் வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட ஓர் அம்மையார். சாட்சி சொன்னவர்கள் மூவர்: மேற்பார்வையாளர், மெழுகு, பொட்டலம் கட்டும் அம்மா. சொல்லுக்குச் சொல் சுருக்கெழுத்தில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து நல்ல தமிழில் முப்பத்தொரு பக்கம் எழுதி, ஒரு பிழை இல்லாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மே 17 அன்று நிர்வாகம் அமைத்த மூன்று பேர் குழு முடிவு சொன்னது. அவர்கள் விசாரணைக்கு வந்தவர்கள் அல்ல. என் முப்பத்தொரு பக்கத்தைப் படித்தவர்கள். முடிவில் இப்படி இருந்தது: “சாட்சிகள் மூவரும் புகார்தாரரை ‘அவர்’ என்றே மரியாதையுடன் குறிப்பிட்டுள்ளனர். பதிவில் ஓரிடத்திலும் அஃறிணைச் சொல் காணப்படவில்லை. எனவே புகார் பொய்யானது எனத் தள்ளுபடி செய்யப்படுகிறது.” பொய்ப் புகாருக்காகத் தற்காலிக நீக்கம். முப்பது நாளுக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் நிரந்தர நீக்கம். முப்பதாவது நாள் ஞாயிறு என்பதால் ஜூன் 14 வெள்ளிக்கிழமையே கடைசி நாள்.

மே 19, ஞாயிறு பிற்பகல் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அந்தக் கடிதம்.

“நீங்கதான் எழுதினீங்களா சார்?”

“ஆமாம். உட்காருங்க தம்பி.”

“உக்கார வரல. அந்த ரெண்டு நாளும் நான் எதிர்லயேதான் இருந்தேன். அந்த ஆளு ‘அது லேட்டா வரும், அது கண்ணாடியைப் பாக்கும்’னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னார். நீங்களும் தலையாட்டிட்டே எழுதினீங்க. எங்க போச்சு அதெல்லாம்?”

நான் பதிவை எடுத்து, இடத்தைக் காட்டினேன். ‘அவர் தாமதமாக வருவார். அவர் கண்ணாடியைப் பார்ப்பார்’ என்று இருந்தது.

“எழுத்துல இப்படித்தான் தம்பி எழுதணும். பேசுறது கொச்சையா இருக்கும். அதைத் திருத்தி…”

“திருத்தினீங்களா!” அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. “எனக்கு வாழ்க்கையில மரியாதை கொடுத்த ஒரே ஆளு நீங்கதான் சார். அதுலயே என் வேலை போச்சு.”

முப்பத்தெட்டு ஆண்டுகள் செய்த வேலை அது. குடிகாரன் உளறியதையும் ‘அவர் கூறினார்’ என்று எழுதியிருக்கிறேன். அது நாகரிகம் என்று நினைத்தேன். மைனாவுக்கு ‘அவர்’ போட்டபோது உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

சுருக்கெழுத்து நோட்டுகள் இருந்தன. சுருக்கெழுத்து எழுத்தைப் பார்க்காது, ஒலியைத்தான் பிடிக்கும். ‘வந்துச்சு’ என்று காதில் விழுந்தால் நோட்டில் இழுக்கும் கோட்டிலும் ‘வந்துச்சு’தான். ஏழு நாள் உட்கார்ந்து, பேசியதைப் பேசியபடியே திரும்ப எழுதினேன். மைனாவை அஃறிணையில் சொன்ன இடங்கள்: மேற்பார்வையாளர் 23, மெழுகு 14, பொட்டலம் கட்டும் அம்மா 4. ஆக 41.

மே 27 அன்று நிர்வாகத்தின் பணியாளர் பிரிவுக்குப் போனேன். குமாஸ்தா என் பதிவைப் புரட்டிப் பார்த்தார்.

“திருத்தம்னா பிழை இருக்கணுமே சார். உங்க மினிட்ஸ்ல ஒரு பிழைகூட இல்லையே.”

“அதுதான் பிழை.”

“என்னது?”

“சரியா எழுதினதுதான் தப்பு.”

அவர் என் வயதை யோசிப்பது தெரிந்தது. கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார். இரண்டு கட்டங்கள்: ‘பிழையான சொல்’, ‘சரியான சொல்’. முதல் கட்டத்தில் ‘அவர்’ என்றும் இரண்டாவதில் ‘அது’ என்றும் எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மரியாதையை எடுத்துட்டு மரியாதைக் குறைச்சலைப் போடச் சொல்றீங்க. இதுக்கு சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கணும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல அவர் சுருக்கொப்பம் வேணும். நாப்பத்தொண்ணுன்னா நாப்பத்தொண்ணு. மொத்தமா ஒரு கையெழுத்து செல்லாது.”

“அவரைத் திட்டின ஒவ்வொரு இடத்துலயும் அவரே கையெழுத்துப் போடணுமா?”

“விதி சார். நான் என்ன பண்றது?”

மறுநாள் மைனா வந்தார். நான் ஒவ்வொரு இடமாகப் படிப்பேன், அவர் கேட்பார், ஓரத்தில் இரண்டெழுத்து ஒப்பம் வைப்பார். ‘அது நடக்குற நடையே சரியில்லங்க.’ ஒப்பம். ‘அது கூட ஒரே மேசையில எப்படி உக்காருறது.’ ஒப்பம். பதினொன்றாவதில் பேனாவை மூடிவிட்டார்.

“இன்னைக்கு இவ்வளவுதான் சார் முடியும்.”

ஜூன் 1 அன்று மீண்டும் வந்தார். அன்று பதினெட்டு. அதில் பாதியில் மேற்பார்வையாளர், உடைந்துபோன ஓர் அச்சைப் பற்றிப் பேசும் இடம் வந்தது. பட்டறையில் ஒரு கடுவன் பூனை உண்டு. அச்சை அதுதான் தட்டிவிட்டிருந்தது. நான் படித்தேன்: ‘அவன் வேலைதாங்க அது. அவன் வந்தான்னா பலகை மேல ஏறி உக்காந்துக்குவான். துரத்தினா முறைப்பான்.’

“யாரு அவன்?” என்றார் மைனா.

“பூனை.”

“பூனை அவனா?”

“ஆறு இடத்துல அவன்.”

“நான் அது! பூனை அவன்!” அவர் சிரிக்கத் தொடங்கினார். கண் மை கன்னம்வரை வழிந்தது. நானும் என் முதல் பதிவைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே பூனை ‘அது’, மைனா ‘அவர்’. இலக்கணம் சுத்தமாக இருந்தது. நடந்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பொட்டலம் கட்டும் அம்மாவின் நான்கு இடங்களையும் படித்தேன். ‘அந்தப் புள்ள பாவங்க, சாப்பிடாமலே வேல செய்யும்’ என்று இருந்தது. “இவங்க வேற சார்” என்றார். “எல்லாரும் இவங்களுக்குப் புள்ளதான். முதலாளியைக்கூட ‘அந்தப் புள்ள கார்ல போச்சு’ன்னுவாங்க.” ஆனாலும் கணக்கு கணக்குதான் என்று நாலுக்கும் ஒப்பம் வைத்தார். இருபத்தொன்பது முடிந்தது. மிச்சம் பன்னிரண்டு. புதன்கிழமை வருகிறேன் என்று போனார்.

புதன் வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறும் வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் 10, திங்கள் முற்பகல் பதிவுக் கோப்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா தையல் இயந்திரத்தை விட்டு எழவில்லை. “உள்ள இருக்கான். ஆறு நாளா அந்தச் சுவத்தைத்தான் பாக்குறான். குளிக்கல. நேத்து ரெண்டு வாய் ரொட்டி. டாக்டர் மருந்தை மாத்தியிருக்காரு, பத்து நாள் ஆகுமாம் பிடிக்க.” பிறகு என் கையில் இருந்த கோப்பைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் பொங்கியது. “அவனை அவங்க கேவலமாப் பேசினாங்க. அது நடந்துச்சுன்னு சொல்றதுக்கு இவனே நாப்பது தடவை கையெழுத்துப் போடணுமா? எந்த ஊரு நியாயம் சார் இது?”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பின்னறையில் சன்னல் திரை மூடியிருந்தது. மைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு கையில் மூன்று விரலில் பூச்சு இருந்தது, மற்றவற்றில் இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஏற்கெனவே ஊரே இருந்தது. இருபது நிமிடம் போயிருக்கும்.

“எத்தனை பாக்கி சார்?” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

“பன்னிரண்டு.”

“எல்லாம் அதுதானா?”

“அதுதான்.”

தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. “படிக்காதீங்க. அட்டையோட கொடுங்க” என்று கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் படிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பி, இடத்தில் விரலை மட்டும் வைத்தேன். படுத்தபடியே, கோணல்மாணலாக, பன்னிரண்டு ஒப்பம். எட்டாவதில் கொஞ்சம் நிறுத்தினார். நானும் காத்திருந்தேன். ஒப்பம் முடிந்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். வாசலில் அக்கா தேநீர்க் கோப்பையுடன் நின்றிருந்தாள். அதை எனக்குக் கொடுப்பதா, அவருக்கா என்று தெரியாமல் நின்றவள் கடைசியில் தானே குடித்துவிட்டாள்.

அன்றே குமாஸ்தாவிடம் கொடுத்தேன். ஒப்பம் ஒன்று போல் இல்லை என்றார்.

“படுத்துட்டுப் போட்டது.”

“படுத்துட்டுப் போடலாமான்னு விதியில இல்லையே…”

“போடக் கூடாதுன்னு இருக்கா?”

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மாலை நாலே முக்காலுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுவிசாரணை ஜூலை 9. இந்த முறை விசாரித்த அம்மையாரோடு குழுவின் மூன்று பேரும் நேரில் உட்கார்ந்தார்கள். மைனா அக்காவோடு வந்திருந்தார், மெலிந்திருந்தார், மை போட்டிருந்தார். நான் சுருக்கெழுத்து நோட்டிலிருந்து படித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு மேற்பார்வையாளர் எழுந்தார். அவர் மறுக்கவில்லை.

“சொன்னேங்க. இல்லேங்கல. ஆனா அது பாசத்துல சொல்றது. என் பொண்ணையே நான் ‘அது தூங்குச்சா, அது பால் குடிச்சுச்சா’ன்னுதான் கேப்பேன். இந்தம்மாகூட அப்படித்தானே சொல்லியிருக்காங்க? தமிழ்ல இது சகஜம். இதுல என்னங்க கேவலம்?”

குழுவில் ஒருவர் தலையாட்டினார். மேற்பார்வையாளர் சொன்னது பொய்யில்லை. நாம் எல்லோரும் குழந்தையை அப்படித்தான் சொல்கிறோம்.

விசாரித்த அம்மையார் கேட்டார்: “உங்க பொண்ணுக்கு என்ன வயசு?”

“ரெண்டுங்க.”

“இவருக்கு?”

அவர் பதில் சொல்வதற்குள் மைனா எழுந்தார். மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“வயசை விடுங்க மேடம். பக்கம் பதினேழு பாருங்க. பூனை.”

தாள்கள் புரண்டன. படித்தார்கள். ஒருவர் இருமலை அடக்குவது போல் வாயைப் பொத்தினார்.

“பட்டறையில பதினாலு பேரு. பதின்மூணு பேரையும் இவர் அவன், அவரு, அவங்கன்னுதான் சொல்றார். பூனையையும் அவன்னுதான் சொல்றார். பாசம் இருந்தா இருக்கட்டும், பூனை மேல இருக்குற அளவாவது என் மேல இருக்கலாமே? எனக்கு ‘அவர்’ வேணாம் மேடம். என்னைத் திட்டணும்னா வாடா போடான்னு திட்டச் சொல்லுங்க. மத்தவங்களை அப்படித்தானே திட்டுறார்? அதையே எனக்கும் கொடுக்கச் சொல்லுங்க.”

உட்கார்ந்துவிட்டார். மேற்பார்வையாளர், “பூனையைப் பத்தி இப்ப எதுக்குங்க…” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து பொட்டலம் கட்டும் அம்மா, யாரும் கேட்காமலே, “அந்தப் புள்ள சரியாத்தான சொல்லுது” என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. அதையும் பதிவில், அவள் சொன்னபடியே எழுதினேன்.

வெளியே வந்ததும் அக்கா அவரைத் திட்டினாள். “இவ்வளவு வாய் இருக்குல்ல? பதினாறு வருஷம் எங்கடா வச்சிருந்த?” களைப்பில் அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நான்கு நாளும் அவர் படுக்கையில்தான் இருந்தார் என்று பிறகு சொன்னாள். வாதாடி ஜெயித்தவனுக்குச் சோர்வு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் போகாது போலிருக்கிறது.

முடிவு இது. பொய்ப் புகார் என்ற தீர்ப்பு ரத்து. நீக்கம் ரத்து. ஏழு தாமதங்களும் ஒரு நாள் விடுப்பும் நோயால் நேர்ந்தவையாகக் கருதப்படும். மருத்துவர் சொல்லும்வரை காலையில் முக்கால் மணி நேரம் சலுகை. மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலமான கண்டனம்; மெழுகுக்கு வாய்மொழி அறிவுரை. நகப்பூச்சு அபராதம் இரண்டும் நிலைக்கும், ஏனென்றால் சுகாதார விதி இக்குழுவின் வரம்புக்குள் வரவில்லை. அதற்குத் தனிக் குழுவாம். தனிப் படிவமாம்.

கடிதம் வந்த அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். மைனா சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தார். அக்கா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, ஏதாவது சொல்லேன்.”

“திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

“அதான் தெரியுதே. போவியா?”

“எட்டரைக்கு முக்கால் மணி சலுகைன்னா ஒன்பதேகால்.” அவர் விரலில் கணக்குப் போட்டார். “பின்தெரு வழியா போனா எட்டு இருபதுக்கு இங்க கிளம்பணும். ஆறரைக்கு முழிச்சா… பாக்கலாம் அக்கா. போவேன்னு சொல்லல. பாக்கலாம்.”

அக்காவுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். ஆனால் அவரால் அன்று சொல்ல முடிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல்லை நானாகச் சேர்த்து எழுதப்போவதில்லை.

குழுவின் அந்தக் கடைசிக் கடிதம் வந்தது ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. இதை எழுதுவது ஞாயிறு இரவு.